சோதனை யாருக்கு?

எங்கள் ஒழுங்கையில் வசிக்கும் பெண்மணி ஒருவர், சென்ற மாரிகாலத்தில் ஒருநாள் மாலை, சிறிய குப்பியொன்றைத் துணிப்பையினுள் மறைத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார். தையல் வேலை செய்து வாழ்க்கை நடத்துபவர் அவர், வயது முப்பத்தெட்டு, மணமாகி ஏழு ஆண்டுகள் கழிந்துவிட்டன, பிள்ளையில்லை. அக்குப்பி ஐக்கிய அமெரிக்காவில் வாழும் அவருடைய தமையன் அனுப்பியது. ஒரு மாதத்துக்கே போதுமான அதன் விலை, அவர் பத்து நாள் தையல் இயந்திரத்தின் முன் குனிந்திருந்து பெறும் கூலிக்குச் சமம். அடுத்த மாதம் தொடக்கம் தம் கைப்பணத்திலேயே அதனை வாங்கவேண்டும் என்பதால், வாங்குமுன் அறிந்துகொள்ள விரும்பினார்.

“ரீச்சர், இதிலை என்ன எழுதியிருக்கெண்டு ஒருக்கா வாசிச்சுச் சொல்லுங்கோ” என்றார்.

குப்பியின் முகப்பில் முடிசூடிய தேனீயொன்றின் படம். அதன் கீழே, பெண்களின் கருவளத்துக்கு இது உறுதுணை புரியும் என்று பெரிய எழுத்திலே பொறிக்கப்பட்டிருந்தது. பின்புறத்தைத் திருப்பினேன். கண்ணுக்கு எட்டாத சிற்றெழுத்தில் வேறொரு வாசகம்: இக்கூற்றினை அந்நாட்டு உணவு, மருந்து நிருவாகம் மதிப்பிட்டுப் பார்க்கவில்லை, எந்த நோயையும் தீர்ப்பது இப்பொருளின் நோக்கமன்று. முகப்பிலே வாக்குறுதி, முதுகிலே மறுப்பு! இரண்டையும் தமிழாக்கிச் சொன்னேன்.

“அப்ப இதை ஒருத்தரும் சோதிச்சுப் பாக்கேல்லையோ?”

“ஒழுங்கா ஒருத்தரும் சோதிச்சதாத் தெரியேல்லை, அக்கா.”

அவர் சிறிது நேரம் பேசாதிருந்தார். பிறகு சிரித்துக்கொண்டே, “என்னை மட்டும் எல்லாரும் சோதிச்சுப் போட்டினம்” என்றார்.

அந்தச் சிரிப்பே இக்கட்டுரையை எழுதத் தூண்டிற்று.

‘சோதனை’ என்னும் சொல் யாழ்ப்பாணத்திலே மூன்று பொருளைச் சுமந்து நிற்கிறது. மாணவன் எழுதுவது சோதனை. விஞ்ஞானி ஆய்கூடத்தில் நடத்துவது சோதனை. ஒருவர்மேல் துன்பம் அடுக்கடுக்காக வந்து விழும்போது, ‘கடவுள் சோதிக்கிறார்’ என்கிறோமே, அதுவும் சோதனை. முதலிரண்டினாலும் அறிவு பிறக்கிறது. மூன்றாவதிலே பிறப்பது பெரும்பாலும் கண்ணீர் மட்டுமே. பிள்ளையில்லாத பெண்ணுக்கு நம் சமுதாயம் தாராளமாக வழங்கிவந்திருப்பது இந்த மூன்றாவது வகையையே.

அவர் கடந்துவந்த சோதனைகளை எண்ணிப் பாருங்கள். ‘சட்டியில் இருந்தால் அகப்பையில் வரும்’ என்ற பழமொழிக்குச் ‘சஷ்டி விரதம் இருந்தால் அகமாகிய பையிலே கரு வரும்’ என்று பொருள் சொல்லி, ஆண்டுதோறும் ஆறு நாள் பட்டினி கிடக்கச் செய்தார்கள். பரிகாரியார் கொடுத்த இலேகியத்தை மாதக்கணக்கில் உண்டார். ஆஸ்பத்திரியிலே இரத்தம் எடுத்தார்கள், படம் பிடித்தார்கள். கலியாண வீடுகளில் ஆலத்தித் தட்டை எடுக்க அவர் கை நீளும்போது வேறொரு கை முந்திக்கொண்டது. இத்தனைக்கும் நடுவே, அவருடைய கணவர் ஏழாண்டுகளில் ஒரு தடவையேனும் பரிசோதிக்கப்படவில்லை! கருத்தரியாமையால் வருந்தும் தம்பதியருள் ஏறக்குறையப் பாதிப்பேரிடத்தில் ஆணின் குறையும், தனியாகவோ பெண்ணின் குறையோடு சேர்ந்தோ, காரணமாக இருக்கிறது என்பதை மருத்துவம் அறியும். ஆண்மகனுக்குரிய பரிசோதனையோ மிக எளியது. கத்தியும் இல்லை, வலியும் இல்லை. ஆயினும், ‘மலடி’ என்ற சொல் தெருவிலே நடமாடுகிறது. ‘மலடன்’ என்ற சொல் அகராதியிலே உறங்குகிறது.

குப்பிக்குள் இருந்ததோ தேனீக்கள் சுரக்கும் ஒருவகைப் பால். ‘ராயல் ஜெல்லி’ என்று உலகச் சந்தையில் வழங்கும் அதனை அரசக்கூழ் எனலாம். நம்மூர்க் கூழைப்போல எல்லாரும் சுற்றியிருந்து குடிப்பதன்று இக்கூழ். இளம் வேலைக்காரத் தேனீக்கள் தலையிலுள்ள சுரப்பிகளிலிருந்து இதனைச் சுரந்து புழுக்களுக்கு ஊட்டுகின்றன. எல்லாப் புழுக்களுக்கும் இது முதல் மூன்று நாள்வரை கிடைக்கும். பின்னர் வேலைக்காரியாக வளரவேண்டிய புழுவின் உணவு மாறிவிடுகிறது; தேனும் மகரந்தமும் கலந்துவிடுகின்றன. இராணியாக வளரவேண்டிய புழுவுக்கு மட்டும் இறுதிவரை அரசக்கூழே ஊட்டப்படுகிறது. ஒரே வகை முட்டையிலிருந்து பிறந்த இருவருள் ஒருத்தி சில வாரங்கள் உழைத்து மடிகிறாள். மற்றவள் ஆண்டுக்கணக்கில் வாழ்ந்து, ஐரோப்பியத் தேனீ இனத்திலே, பருவகாலத்தில் நாளொன்றுக்கு 1500 முட்டைகள்வரை இடுகிறாள்.

இந்த வியப்பே வணிகனின் மூலதனம். ‘இராணியை வளமாக்கிய உணவு உங்களையும் வளமாக்கும்’ என்கிறான் அவன். தர்க்கம் கற்ற மாணவன் இதிலுள்ள ஓட்டையைக் கண்டுகொள்வான். தேனீயின் கதி புழுப்பருவத்திலேயே நிச்சயிக்கப்படுகிறது. வளர்ந்துவிட்ட வேலைக்காரி எவ்வளவு கூழ் உண்டாலும் இராணியாவதில்லை. அன்றியும், அக்கூழைத் தம் உடலிலிருந்தே சுரக்கும் தாதித் தேனீக்கள் பெரும்பாலும் முட்டையிடாமலே வாழ்ந்து மடிகின்றன. குப்பியின் படத்திலே அந்த உழைப்பாளிகளுக்கு இடமில்லை, முடிசூடியவளுக்கே இடம். தேனீயினிடத்திலேகூட இக்கூழ் எவ்வாறு தொழிற்படுகிறது என்பது தீர்ந்த விஷயமன்று. மரபணுக்களின்மேல் இடப்படும் இரசாயனக் குறிகளைக் குறைத்தபோது, புழுக்கள் இராணிகளின் உறுப்பமைப்போடு வளர்ந்தன என்று அவுஸ்திரேலிய விஞ்ஞானிகள் 2008 இல் காட்டினர். ஒரு தனிப் புரதமே காரணம் என்று 2011 இல் யப்பானிலிருந்து ஓர் ஆய்வு வந்தது. பின்வந்த ஆய்வாளர்கள் அதனை மறுத்தனர். தேனீயின் கதையே இவ்வாறிருக்க, மானிடப் பெண்ணின் கதையை முடித்துவைக்க இவர்களுக்கு எங்கிருந்து துணிவு வந்தது?

ஆகவே இதில் ஒன்றுமில்லை என்று தள்ளிவிடலாமா? அதுவும் அறிவுடைமையாகாது. எலிகளிலும் செம்மறியாடுகளிலும் சில ஆய்வுகள் நடந்துள்ளன. மாதவிடாய் நிற்கும் பருவத்துப் பெண்களின் உடல் உபாதைகள் குறித்தும் சிறு ஆய்வுகள் உண்டு. ஆணின் விந்தணு அசைவுக் குறையால் கருத்தரிக்காத தம்பதியரிடையே, தேனும் அரசக்கூழும் கலந்த மருந்தைச் சோதித்த ஆய்வொன்று 2008 இல் எகிப்திலிருந்து வெளியாயிற்று. பங்குகொண்டோர் நூறு தம்பதியருக்கும் குறைவு. குறை ஆணுடையது, மருந்து இடப்பட்டதோ பெண்ணின் உடலில்! ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2011 இல் அரசக்கூழ்பற்றிய பல சுகநலக் கூற்றுகளை ஆராய்ந்து, காரணகாரியத் தொடர்பு நிலைநாட்டப்படவில்லை என முடிவுசெய்தது. மறுபுறத்தில், ஆஸ்துமா நோயாளருக்கும் ஒவ்வாமை உடையோருக்கும் இக்கூழ் உயிராபத்தை விளைவிக்கலாம் என்பது அனுபவத்தில் கண்ட உண்மை. அவுஸ்திரேலியாவில் இவ்வெச்சரிக்கையைக் குப்பியின்மேல் அச்சிடுவது கட்டாயம். நன்மை ஐயத்துக்குரியது, தீமை சிலர்க்கு நிச்சயமானது. ஐயத்தைத் தீர்க்கும் வழி சோதனையே.

‘சாப்பிட்டவர்களைக் கேட்டால் போதாதோ?’ என்பார் உளர். போதாது. ஓராண்டு முயன்றும் கருத்தரிக்காத தம்பதியருள் கணிசமானோர் அடுத்த ஆண்டிலே எந்த மருந்துமின்றியே கருத்தரிக்கின்றனர். அவ்வாண்டில் ஒருத்தி விரதமிருந்தால் விரதத்துக்குப் புகழ். இலேகியம் உண்டால் இலேகியத்துக்குப் புகழ். குப்பி வாங்கினால் குப்பிக்குப் புகழ். பலித்தவள் ஊரெல்லாம் சொல்லுகிறாள். பலிக்காதவள் வாய்திறப்பதில்லை, தன் வயிற்றையே நொந்துகொள்கிறாள். சாட்சிகளுள் ஒரு பாதியின் வாயைக் கட்டிவிட்டு வழங்கும் தீர்ப்பு நீதியாகுமா?

ஒழுங்கான சோதனை மௌனமானவளையும் சாட்சிக்கூண்டில் ஏற்றுகிறது. ஒத்த நிலையிலுள்ள பெண்களைத் திருவுளச்சீட்டால் இரு குழுக்களாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு மருந்தும், மற்றதற்கு அதுபோன்ற தோற்றமுடைய வெறும் பொருளும் கொடுக்கிறார்கள். யாருக்கு எது என்பதை உண்பவளும் அறியாள், கொடுப்பவரும் அறியார். எத்தனைபேர், எத்தனை மாதம், எதை வெற்றி என்று கொள்வது என்பன முன்கூட்டியே எழுதி வைக்கப்படுகின்றன. இரத்தத்தில் ஒரு ஓமோனின் அளவு ஏறிற்று என்பது வெற்றியன்று. உயிரோடு பிறந்த குழந்தையே வெற்றி. இறுதியில் முடிவு எதுவாயினும் அது வெளியிடப்படுகிறது. காசநோய்க்கான ஸ்ரெப்ரோமைசின் மருந்தை இம்முறையிலே குலுக்கிப் பிரித்துச் சோதித்து, 1948 இல் பிரித்தானிய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் வெளியிட்ட அறிக்கை மருத்துவ வரலாற்றிலே ஒரு திருப்பம். எளியோனின் சாட்சியத்தையும் வலியோனின் சாட்சியத்தையும் ஒரே நிறையாக நிறுக்கும் இம்முறையை அறிவுலகின் ஜனநாயகம் என்று நான் கருதுகிறேன்.

ஆயின், நெஞ்சை உறுத்தும் வினா ஒன்று இங்கே எழுகிறது. முப்பத்தெட்டு வயதுப் பெண்ணுக்கு ஒவ்வொரு மாதமும் விலைமதிப்பற்றது. அவளுக்கு வெறும் பொருளைக் கொடுத்து ஆறு மாதத்தைக் கழிப்பது கொடுமையல்லவா? இவ்வினாவை நான் இலேசாகத் தள்ளவில்லை. மருந்து பயனுடையதென்று உண்மையாகவே அறிந்திருந்தால் அது கொடுமைதான். அறியாதபோதோ, எந்தக் குழு பாக்கியம் பெற்றது என்பதையும் நாம் அறியோம். அத்தோடு, பயன் நிறுவப்பட்ட சிகிச்சை எதையும் எவரிடமிருந்தும் தடுத்துவைக்காமல், அதற்கு மேலதிகமாகவே புதியதைச் சோதிக்க வேண்டும் என்ற வரம்பும் உண்டு. அந்த வரம்பை மீறுவது குற்றமே.

சோதிக்காமல் கொடுப்பதனால் விளையும் கொடுமைக்கு வரலாறு சாட்சி. டைஎதில்ஸ்ரில்பெஸ்ரோல் என்ற செயற்கை ஓமோன் 1938 இல் இங்கிலாந்திலே சார்ள்ஸ் டொட்ஸ் என்பவராலும் அவர்தம் குழுவினராலும் ஆக்கப்பட்டது. கருச்சிதைவைத் தடுக்கும் என்ற நம்பிக்கையில் 1940 களிலிருந்து அமெரிக்க வைத்தியர்கள் அதனைக் கர்ப்பிணிகளுக்கு எழுதிக் கொடுத்தனர். சிக்காக்கோவில் ஏறக்குறைய 1600 கர்ப்பிணிகளிடையே நடந்து 1953 இல் வெளியான சோதனை, அம்மருந்தால் ஒரு பயனும் இல்லை என்று காட்டிற்று. விற்பனை நின்றதா? இல்லை. மேலும் பதினெட்டு ஆண்டுகள் நடந்தது. 1971 இல், அம்மருந்தை உண்ட தாய்மாரின் பெண்மக்களிடையே, அவ்விளவயதிலே காண்பதற்கரிய ஒருவகைப் புற்றுநோய் கண்டுபிடிக்கப்பட்ட பின்னரே கர்ப்பிணிகளுக்கு அதைக் கொடுக்கவேண்டாமென அரசு எச்சரித்தது. ‘பிள்ளை தங்கும்’ என்று தாய் விழுங்கிய மாத்திரை, பிள்ளையின் உடலிலே பல ஆண்டுகள் கழித்து விஷமாக விளைந்தது.

இக்கதையிலே இரண்டு பாடங்கள் உள. சோதனையின் முடிவை மதியாத சந்தை உயிர்களைக் காவுகொள்ளும் என்பது முதற்பாடம். இரண்டாவது பாடம் சோதித்தவர்களையும் சுடுவது. சிக்காக்கோவில் பங்குகொண்ட பெண்களுக்குத் தாம் ஒரு சோதனையில் இருப்பதோ, விழுங்குவது என்ன மருந்து என்பதோ சொல்லப்படவில்லை. பிற்காலத்தில் உண்மை அறிந்து அவர்கள் நீதிமன்றம் ஏறினர். சரியான வினாவை எழுப்பிய விஞ்ஞானம், பெண்ணைக் கேளாமலே அவள் உடலில் விடை தேடிற்று. ஆகவே, ‘சோதிக்க வேண்டும்’ என்று கூறுவதோடு எம் கடமை முடிவதில்லை; ‘எப்படி?’ என்பதே அறத்தின் வினா.

சம்மதத்தோடு சோதிக்கவேண்டும் என்பது எளிதான விடை. நியூரம்பேர்க் தீர்ப்பு 1947 இல் தன்னிச்சையான சம்மதத்தை முதல் விதியாக்கியது. 1964 இன் ஹெல்சிங்கிப் பிரகடனம் அதனை மேலும் விரித்துரைத்தது. ஆனால் எங்கள் ஒழுங்கைப் பெண்ணின் சம்மதம் தன்னிச்சையானதா? மாமியாரின் பெருமூச்சும், அயலாரின் விசாரிப்பும், ‘வேறொருத்தியைப் பாப்பமோ’ என்ற முணுமுணுப்பும் முதுகிலே குத்திக்கொண்டிருக்கும்போது அவர் நீட்டும் கையெழுத்தின் பெறுமதி என்ன? மூழ்குகிறவனிடம் ‘இக்கயிற்றைப் பிடிக்கச் சம்மதமா?’ என்று கேட்பது போன்றதல்லவா அது?

நெடுநாள் சிந்தித்து நான் கண்ட விடை இது. அவருடைய சுதந்திரம் குறைபட்டது என்பது உண்மை. ஆயினும், அதே குறைபட்ட சுதந்திரத்தோடுதான் அவர் கடைக்கும் செல்கிறார். அங்கே ஒருவரும் அவரிடம் உண்மை பேசுவதில்லை, ஆபத்தைச் சொல்லுவதில்லை, விளைவை எழுதி வைப்பதில்லை, தீங்கு நேர்ந்தால் பொறுப்பேற்பதுமில்லை. சோதிக்காமல் விற்பதும் பெண்களின்மேல் நடத்தும் ஒரு சோதனையே. அதன் பெறுபேற்றைப் பதியும் புத்தகம்தான் இல்லை, செலவையும் அவளே கட்டுகிறாள். ஒழுங்கான ஆய்விலோ, ‘எங்களுக்குத் தெரியாது, அறிய உதவுவீர்களா?’ என்று அவளைச் சமமாக மதித்துக் கேட்கும் ஓரிடமாவது உண்டு. அவ்விடத்தை அவளுடைய தாய்மொழியிலே, மாமியார் அருகில் இல்லாத அறையிலே, எப்போதும் விலகிச்செல்லும் உரிமையோடு அமைக்கவேண்டும். கணவன் முதலில் பரிசோதிக்கப்படவேண்டும். மருந்தை விற்பவன் கையிலே முடிவை வெளியிடும் அதிகாரம் இருத்தலாகாது.

‘நம்பிக்கையையும் பறித்துவிட்டால் அவளுக்கு என்ன மிஞ்சும்?’ என்று கேட்கும் இரக்கமுள்ளோர்க்கும் ஒரு வார்த்தை. நம்பிக்கை விலைக்கு விற்கப்படும்போது அது இரக்கமாக இருப்பதில்லை. ‘உறுதுணை’ என்ற சொல்லைப் பாருங்கள். பிள்ளை பிறந்தால் துணைபுரிந்தது எனலாம். பிறக்காவிட்டால், துணைதானே என்றோம் எனலாம். எக்காலத்திலும் பொய்யாக்க முடியாத கூற்று எக்காலத்திலும் மெய்யாவதுமில்லை. அமெரிக்காவின் 1994 ஆம் ஆண்டுச் சட்டம், இத்தகைய பொருள்களைப் பயன் நிறுவாமலே விற்க இடமளித்தது. பின்புறச் சிற்றெழுத்து அச்சட்டத்தின் குழந்தை.

நம் நாட்டிலே இதற்கு மாறான மரபொன்று இருந்ததை மறக்கலாகாது. பேராசிரியர் சேனக பிபிலே, இடதுசாரி அறிஞர் எஸ். ஏ. விக்கிரமசிங்கவுடன் சேர்ந்து தந்த அறிக்கையின் வழியே 1971 இல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் பிறந்தது. அவரே அதன் முதல் தலைவர். இறக்குமதியான இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட மருந்துகள் ஏறக்குறைய 600 ஆகச் சுருக்கப்பட்டன. ‘இதனால் மக்களுக்கு என்ன பயன்?’ என்ற ஒரே கேள்வியே அங்கே சல்லடையாயிற்று. பிபிலே 1977 இல் மறைந்தார். அக்கேள்வி மறையவேண்டியதில்லை. 2015 இன் தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபைச் சட்டம், உணவுக்கும் மருந்துக்கும் இடைப்பட்ட எல்லைப்புறப் பொருள்களையும் மருத்துவச் சோதனைகளையும் தன் வரம்புக்குள் கொண்டிருக்கிறது. சட்டம் ஏட்டிலே உண்டு. அதனை நடைமுறையிலே கேட்டுப்பெறும் மக்களே வேண்டும்.

யாழ்ப்பாணத்துக்கும் ஆற்றலில்லையென்று சொல்லமுடியாது. மானிப்பாயிலே சாமுவேல் கிறீன் தமிழில் மருத்துவம் போதித்து, 1857 இலேயே பிரசவ வைத்திய நூலைத் தமிழில் வெளிக்கொணர்ந்தார். இன்று பல்கலைக்கழக மருத்துவ பீடம் உண்டு. கைதடியிலே சித்த மருத்துவமும் பல்கலைக்கழகக் கல்வியாயிற்று. பரராசசேகரம் கூறும் மருந்துக்கும் கடல்கடந்து வரும் குப்பிக்கும் ஒரே தராசு இருக்கட்டும். நம்முடையது என்பதற்காக ஒன்றை ஏற்பதும், அந்நியமானது என்பதற்காக மற்றதை வியப்பதும் ஒரே அடிமைத்தனத்தின் இரு முகங்கள்.

இறுதியாக, எந்தச் சோதனையும் தொடாத ஓர் உண்மையையும் சொல்லவேண்டும். எங்கள் ஒழுங்கைப் பெண் எட்டு வயதிலே, 1995 இன் பெரும் இடப்பெயர்விலே, தாயின் கையைப் பிடித்துக்கொண்டு தென்மராட்சிக்கு நடந்தவர். 2009 இல் போர் முடிந்தபோது அவருக்கு வயது இருபத்திரண்டு. சீதனம் சேர இன்னும் ஒன்பது ஆண்டுகள் சென்றன. பெண்ணின் கருமுட்டைகள் அவள் பிறக்கும்போதே அளவிடப்பட்டுவிடுகின்றன. முப்பத்தைந்தின் பின் அவற்றின் வளம் விரைந்து குறைகிறது. போரும் சீதனமும் சேர்ந்து திருடிய காலத்தை அவருடைய உடலின் குறையென்று பெயர்மாற்றி, அதற்கு மருந்தென்று ஒரு குப்பியை விற்கிறோம். சமுதாயத்தின் கடனை ஒரு தையற்காரியின் பத்து நாள் கூலியிலிருந்து வசூலிக்கிறோம்.

அன்று அவர் குப்பியை என் மேசையிலேயே விட்டுச் சென்றார். இரண்டு கிழமை கழித்து ஒழுங்கை முகப்பிலே கண்டபோது, கணவரும் உடன் நின்றார். இருவருமாக ஆஸ்பத்திரிக்குப் போவதாகச் சொன்னார்கள்.

“இந்த முறை இவருக்குத்தான் சோதனை, ரீச்சர்” என்றார் அவர்.

கணவர் தலையைக் குனிந்துகொண்டார். ஆனாலும் பஸ் வந்தபோது முதலில் ஏறியவர் அவரே.